ரகசியம்ங்கற சொல் எங்கேர்ந்து வந்துச்சு, தமிழ்ல என்ன சொல்லலாம்?

போன வாரம் பக்கத்து வீட்டு மக்சிக் (மலாய்க்கார ஆன்ட்டி) என் மக கையில ஒரு துண்டு குவே லாப்பிஸ், அதான் அடுக்கடுக்கா இருக்கற மலாய் இனிப்பு, குடுத்து, அம்மாகிட்ட சொல்லாத, இது ரஹ்சியான்னு காதுல சொல்லியிருக்காங்க. அவ நேரா ஓடி வந்து எங்கிட்ட கேட்டா, "அம்மா, மக்சிக்குக்கு தமிழ் தெரியுமா?"

தெரியாது, ஆனா அவங்க மலாய்ல சொல்ற ரஹ்சியாவும் நாம சொல்ற ரகசியமும் ஒரே தாய் பிள்ளைங்கதான், ரெண்டும் சமஸ்கிருத ரஹஸ்யலேர்ந்து வந்தது. ரஹஸ்னா தனிமை, ஆள் இல்லாத இடம், அப்ப ரகசியம்னா ஒதுங்கிப் போய் பேசற விஷயம். தமிழ் மரபுல ர முதல் எழுத்தா வராதுன்னு முன்னாடி இ போட்டு இரகசியம்னு எழுதுவாங்க, ஹ-வும் க ஆயிடுச்சு.

தமிழ்ல எனக்கு ரொம்பப் பிடிச்சது மறை. இப்ப மறைன்னா பலருக்கு வேதம்தான் ஞாபகம் வருது, ஆனா வள்ளுவர் ரகசியத்துக்கே இந்தச் சொல்லத்தான் வச்சிருக்கார், 1076வது குறள் பாருங்க:

அறைபறை அன்னர் கயவர்தாம் கேட்ட
மறைபிறர்க்கு உய்த்துரைக்க லான்

கேட்ட மறையத் தூக்கிட்டுப் போய் அடுத்தவங்ககிட்ட சொல்றதால கயவங்க அடிக்கிற பறை மாதிரியாம். உய்த்துன்னா கொண்டு போய்ச் சேர்த்து, வாட்ஸ்அப்ல ஒருத்தர் நம்பி அனுப்பினத அப்படியே ஃபார்வர்ட் பண்றோமே அதுக்கு இதவிட பொருத்தமான சொல் எனக்குத் தெரியல. அதே அறைபறைய 1180ல காதலியோட கண்ணுக்குச் சொல்றார், அவ வாயே திறக்கல, மனசுல இருக்கறத கண்ணு ஊருக்கே சொல்லிடுது, எவ்வளவு அழகு பாருங்க!

வெளிய கசியறதுக்கும் படிப்படியா பேர் இருக்கு. மொட்டு மாதிரி வாய்க்குள்ளயே முணுமுணுத்தா அம்பல், மலர்ந்து ஊரே பேசினா அலர். குட்டுன்னாலும் ரகசியம்தான், ஆனா அது உடையும்போதுதான் நமக்கு அந்தச் சொல்லே வாயில வருது.

தினசரிப் பேச்சுக்கு நான் சொல்றது கமுக்கம். மந்தணம்னும் எழுதறாங்க, எனக்கு அது வாயில ஒட்டல. கமுக்கமா வச்சுக்கோன்னா சின்னப் பிள்ளைக்குக்கூட புரியுது, என் மக இப்ப லிஃப்ட்ல மக்சிக்கப் பார்த்தா காதுகிட்ட போய் "கமுக்கம்"ங்கறா, அவங்களும் க-மு-க்-கம்னு மெதுவா திருப்பிச் சொல்லிப் பார்க்கறாங்க.