அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒரு சட்டம்

நியூயார்க் நகரத்தின் குவீன்ஸ் பகுதியில் ஒரு உணவகத்தின் சமையலறைக்கு ஒருவரிடம் கையெழுத்து வாங்கப் போயிருந்தேன். பாத்ரூம் போகிற வழியில் சுவரில் ஏதோ நோட்டீஸ், அதற்கு முன்னால் இருபது பவுண்டு பாஸ்மதி மூட்டைகள் நாலு அடுக்கி வைத்திருந்தார்கள். மேலே எட்டிப் பார்த்த ஒரு வரியை வைத்துத்தான் என்னவென்று தெரிந்தது: வேலையிடத்தில் பாலியல் தொல்லை கொடுப்பது குற்றம், எங்கே புகார் செய்யலாம் என்று சொல்லும் அறிவிப்பு. 2018-லிருந்து நியூயார்க் நகரத்தில் ஒவ்வொரு முதலாளியும் இதை ஆட்கள் கண்ணில் படுகிற இடத்தில் ஒட்டியே ஆகவேண்டும், ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும். அங்கே பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த அக்காவுக்கு இரண்டுமே படிக்க வராது. "அது ஏதோ ஓட்டல் லைசென்ஸ் பேப்பர்னு நெனச்சேன் தம்பி" என்றார்.

நான் வக்கீல் இல்லை. வக்கீல்களுக்கு ஆவணங்களைத் திரட்டிக் கொடுக்கும் பாராலீகல். என் மேஜைக்கு வரும் நம் ஆட்கள் பெரும்பாலும் இரண்டு தப்பான நம்பிக்கையோடு வருகிறார்கள். ஒன்று, சின்னக் கடைக்கெல்லாம் சட்டம் கிடையாது. இன்னொன்று, குடியேற்றப் பேப்பர் இல்லாதவன் வாயைத் திறக்கக் கூடாது.

முதலாவது எங்கிருந்து வந்தது என்று புரிகிறது. வேலையில் பாகுபாடு பற்றிய ஃபெடரல் சட்டம், அதாவது நாடு முழுவதற்குமான சட்டம், பொதுவாக 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்துக்குத்தான் பொருந்தும், யாரோ யாருக்கோ சொல்லி அதுவே எல்லாச் சட்டமும் என்று ஆகிவிட்டது. நகரத்தின் மனித உரிமைச் சட்டம் வேறு. 4 பேர் இருந்தாலே போதும், பாலியல் தொல்லை என்றால் அந்த எண்ணிக்கையும் வேண்டாம், ஒரே ஒரு ஆள் வேலை செய்தாலும் சரி. வீட்டு வேலை, குழந்தை பார்த்துக்கொள்ளும் வேலை செய்கிறவர்கள் 2022 மார்ச்சிலிருந்து முழுமையாக இதற்குள் வந்துவிட்டார்கள்; நம் பெண்கள் நிறையப் பேர் செய்கிற வேலை இதுதான், ஆனால் இது தெரிந்த ஒருவரைக்கூட நான் இன்னும் பார்க்கவில்லை. அளவுகோலும் வேறு. "இது ரொம்பக் கடுமையானதா, விடாமல் நடந்ததா" என்று ஃபெடரல் வழக்கில் வாதாடிக்கொண்டிருப்பார்கள். நகரச் சட்டம் கேட்பது, உங்கள் மதம், நிறம், பிறந்த நாடு, பால் மாதிரி ஒரு காரணத்தால் உங்களை மற்றவர்களைவிடக் குறைவாக நடத்தினார்களா என்பதைத்தான். அற்ப விஷயம் என்று முதலாளி தப்பிக்கப் பார்க்கலாம், ஆனால் அது அற்பம் என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு அவருடையது.

இரண்டாவது நம்பிக்கைதான் ஆளைக் கொல்கிறது. குடியேற்ற நிலையை வைத்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்பது இந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. குவீன்ஸில் ஒரு வீட்டுக்காரர், வாடகைக்கு இருந்த பெண்ணிடம் இமிக்ரேஷன் அதிகாரிகளைக் கூப்பிடுவேன் என்று மெசேஜ் மேல் மெசேஜ் அனுப்பியிருக்கிறார். விசாரித்த நிர்வாக நீதிபதி 2019-இல் 5,000 டாலர் அபராதம், அந்தப் பெண்ணுக்கு 12,000 டாலர் இழப்பீடு என்று பரிந்துரைத்தார். வீட்டுக்காரரைக் காட்டிக்கொடுத்தது அவரே கைப்பட அனுப்பிய வரிகள்தான்.

எனக்கு ஆத்திரம் வருவதும் இங்கேதான். போன குளிர்காலத்தில் ஒரு அண்ணன் வந்தார், கையில் வாடகை வவுச்சர் (வாடகையில் ஒரு பங்கை அரசு கட்டும் சீட்டு), ஏழெட்டு வீடு பார்த்துவிட்டார். ஒரு புரோக்கர் "ஓனர் புரோகிராம் எடுக்க மாட்டார்" என்று டெக்ஸ்ட் அனுப்பியிருக்கிறார், அதாவது வவுச்சர் வேண்டாமாம். செக்‌ஷன் 8 மாதிரி வாடகை உதவியைக் காரணம் காட்டி வீடு மறுப்பது இந்த நகரத்தில் 2008-லிருந்தே சட்டவிரோதம் (சில சின்ன வீடுகளுக்கு விலக்கு உண்டு). அந்த ஒரு வரி போதும் எனக்கு. "மெசேஜைக் காட்டுங்கண்ணே" என்றேன். "அந்த நாய் மூஞ்சியைப் பார்க்கப் பிடிக்கலை, அழிச்சிட்டேன்."

அழிக்காதீர்கள். கோபம் வந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து மகனுக்கு அனுப்பிவிட்டு அப்புறம் கோபப்படுங்கள். வாயால் சொன்னதாக இருந்தால் அன்று ராத்திரியே தேதி, நேரம், யார், என்ன வார்த்தை, பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று தமிழிலேயே எழுதி வையுங்கள், மளிகைச் சீட்டின் பின்பக்கம் எழுதினாலும் பரவாயில்லை. வவுச்சர் விஷயத்தில் சீக்கிரம் வந்தால், இந்தச் சட்டத்தைக் கவனிக்கும் நகர மனித உரிமைக் கமிஷனே வீட்டுக்காரருக்கு ஃபோன் போட்டுப் பேசும், புகார் பதிவாகும் முன்னாலேயே வீடு கிடைத்துவிட்டதும் உண்டு. தாமதமாக வந்தால் அந்த வீட்டில் வேறு யாரோ குடியிருப்பார்கள்.

கெடுவையும் சொல்லிவிடுகிறேன். நகர மனித உரிமைக் கமிஷனில் புகார் செய்ய சம்பவம் நடந்து 1 வருடம், வேலையில் பாலியல் தொல்லை என்றால் 3 வருடம். கட்டணம் கிடையாது. நேராகக் கோர்ட்டுக்குப் போவதென்றால் 3 வருடம். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் கால் வைக்க முடியாது, கமிஷனில் பதிவு செய்துவிட்டால் பொதுவாக அதே விஷயத்துக்குக் கோர்ட் கதவு மூடிவிடும், அதனால் கையெழுத்துப் போடும் முன் ஒரு வக்கீலிடம் அரை மணி நேரம் பேசுங்கள். அபராதம் 1,25,000 டாலர் வரை, வேண்டுமென்றே செய்ததென்றால் 2,50,000 வரை போகலாம். விசாரணை இழுக்கும், அதை மறைத்து என்ன பயன். புகார் செய்ததற்காக வேலையை விட்டுத் தூக்கினால் அது தனிக் குற்றம்.

நம் ஆட்கள் கூட்டத்தில் தவறாமல் வரும் கேள்வி: சாதி? பாகுபாடு காட்டக் கூடாத காரணங்கள் என்று நியூயார்க் நகரச் சட்டம் போட்டிருக்கும் பட்டியலில் அந்தச் சொல் இல்லை. 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகர சபை தன் சட்டத்தில் சாதியைச் சேர்த்தது, அமெரிக்காவில் அப்படிச் செய்த முதல் நகரம் அதுதான். இங்கே உயரத்தையும் எடையையும் அதே வருடம் சேர்த்தார்கள். சாதி எப்போது என்று கேட்டால் கூட்டத்தில் சிலர் கைதட்டுகிறார்கள், சிலர் சமோசா எடுக்க எழுந்து போய்விடுகிறார்கள்.

அந்த உணவகத்து மூட்டைகளை நானே நகர்த்திவிட்டு வந்தேன். அக்கா ஃபோனில் நோட்டீஸைப் படம் எடுத்தார், மகள் படித்துச் சொல்வாளாம். நகர அலுவலகங்கள் எழுத்தில் கொடுக்கும் பத்து மொழிகளில் வங்காளமும் உருதும் உண்டு, தமிழ் இல்லை. ஆனால் நகரத்தின் உதவி எண் 311-க்குக் கூப்பிட்டால் மொழிபெயர்ப்பாளரை லைனில் சேர்ப்பார்கள், காசு கிடையாது. "டமில்" என்று நிதானமாகச் சொல்லி எழுத்துக்கூட்டியும் சொல்லுங்கள். பாட்டு ஓடிக்கொண்டிருக்கும், கொஞ்ச நேரம் ஆகும். ஃபோனை வைத்துவிடாதீர்கள்.