திரையிடல் அல்ல, சவலை பார்த்தல்

பாளையங்கோட்டையில் ஒரு மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில் ‘ஊட்டச்சத்துத் திரையிடல்’ என்று பலகை தொங்குகிறது. இந்தத் தொடரைக் கையேடுகளிலும் படிவங்களிலும் பலமுறை பார்த்துப் பொறுத்திருக்கிறேன். அன்று பொறுக்க முடியவில்லை. மானூர்ப் பக்கத்திலிருந்து பேரனைத் தூக்கி வந்த ஓர் ஆச்சி, உள்ளே சாப்பாட்டைப் பற்றி ஏதோ படம் காட்டுகிறார்கள் என்று நினைத்து வெளியிலேயே உட்கார்ந்துவிட்டார். செவிலியர் வந்து கூப்பிடும்வரை அந்தப் பிள்ளையின் எடையை யாரும் பார்க்கவில்லை.

‘ஸ்கிரீனிங்’ என்ற ஆங்கில மருத்துவச் சொல்லைத் தமிழாக்கியதுதான் இந்தத் ‘திரையிடல்’. ஆங்கிலத்தில் ‘ஸ்கிரீன்’ முதலில் மறைப்பு, தட்டி. பிறகு கரியும் மணலும் சலிக்கிற பெரிய சல்லடை. மருத்துவம் எடுத்துக்கொண்டது சல்லடைப் பொருளை. மொழிபெயர்த்தவர் அகராதியின் முதல் வரியோடு நின்றுவிட்டார்.

தமிழில் திரையிடுதல் என்றால் திரை போட்டு மறைப்பது, இல்லையென்றால் படம் காட்டுவது. மறைந்து கிடக்கும் குறையை வெளியே கொண்டுவருகிற வேலைக்குப் போய் மறைத்தல் என்றா பெயர் வைப்பது? ‘துறையில் நிலைத்துவிட்டது, மாற்றக் கூடாது’ என்கிறார்கள். துறையில் நிலைத்தது ஆச்சியிடம் நிலைக்கவில்லையே! ‘பரிசோதனை’ என்று எழுதலாம் என்பவர்களும் உண்டு. அந்தச் சொல்லைக் கேட்டதும் தாய்க்கு ஊசியும் ரத்தமும்தான் நினைவுக்கு வரும். அதோடு, இது நோயை உறுதிசெய்கிற வேலை அன்று. காய்ச்சலோ எலும்பு முறிவோ, எதற்காகச் சேர்ந்தாலும் எல்லாப் பிள்ளைகளுக்கும் எடை, உயரம் எடுத்து, சாப்பாடு குறைந்திருக்கிறதா என்று கேட்டு, யாரை விரிவாகப் பார்க்க வேண்டும் என்று பிரிக்கிற முதல் வேலை. ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குள் இருக்கும் பிள்ளையின் மேற்கையில் வண்ணம் பிரித்த அளவுநாடாவைச் சுற்றினால், 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே சிவப்பு. சிகிச்சைக்குக் காத்திருக்க நேரமில்லை என்று பொருள்.

முறத்தை எங்கள் ஊரில் சுளகு என்போம். அம்மா சுளகைப் பக்கவாட்டில் அசைத்து அரிசி கொழிக்கும்போது குறுநொய் ஒரு பக்கம் ஒதுங்கும். ஒதுங்கியதை யாரும் எறிவதில்லை, கஞ்சிக்கு ஆகும். அதனால் ‘கொழித்தறிதல்’ என்று ஆக்கிப் பார்த்தேன். கொழுத்தலோடு குழம்புகிறது. ‘சலிப்பு’ ஏற்கெனவே வேறு பொருளுக்குப் போய்விட்டது.

நம்மிடம் சவலை என்ற சொல் இருக்கிறது. அடுத்த பிள்ளை வந்ததால் தாய்ப்பால் இல்லாமல் மெலிந்த பிள்ளை சவலை. இரண்டாம் அடியில் வர வேண்டிய தனிச்சொல் இல்லாமல் குறைந்து நிற்கும் வெண்பாவைக்கூடச் சவலை வெண்பா என்றார்கள். 1935இல் சிசிலி வில்லியம்ஸ் என்ற மருத்துவர், இன்றைய கானாவில் கா மொழி பேசுவோர் வழங்கிய ‘குவாஷியோர்கர்’ என்ற சொல்லை மருத்துவ உலகுக்கு அறிமுகப்படுத்தினார். அடுத்த குழந்தை பிறந்ததும் மூத்ததற்கு வரும் நோய் என்பதுதான் அதற்கும் பொருள். அவர்கள் வீட்டுச் சொல் மருத்துவ நூல்களில் ஏறிவிட்டது. நம் வீட்டுச் சொல்லை நம் மருத்துவமனைச் சுவரிலேயே காணோம்.

சவலை குறுகிய பொருளுடையது, நோயால் மெலிந்த பிள்ளையைச் சேர்க்காது என்று சொல்லக்கூடும். எள்ளின் நெய்யாகத் தொடங்கிய எண்ணெய், மண்ணெண்ணெய் வரை விரியவில்லையா?

பலகையின் இரண்டாம் வரி ‘ஊட்டச்சத்துப் பராமரிப்பு’. சாலைக்கும் மோட்டாருக்கும் சொல்கிற சொல்லைப் பிள்ளைக்குச் சொல்ல எப்படி மனம் வந்தது? உடம்பு தேறியது என்கிறோம். தேறச் செய்வது தேற்றுதல். ‘சவலை பார்த்துத் தேற்றும் பிரிவு’ என்று எழுதிவைத்தால், ஆச்சி யாரும் கூப்பிடாமலே பேரனோடு உள்ளே போவார்.