துருப்பிடித்த ஆயில் சம்ப்: ஒட்டு எதுவரை தாங்கும்?

எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) நெருங்கினால் பழைய கார்க்காரர்கள் பெயின்ட் பார்ப்பார்கள், டயர் பார்ப்பார்கள், லைட் பார்ப்பார்கள். வண்டிக்கு அடியில் ஒரு தடவை டார்ச் அடித்துப் பார்ப்பவர்கள் குறைவு. சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டுக்குச் செல்லும், அப்புறம் ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பித்துக் கொள்ளலாம் என்பதால் மாருதி 800, ஆம்னி, ஜென் எல்லாம் எங்கள் தூத்துக்குடியில் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. மாருதி 800 தயாரிப்பு நின்றதே 2014-இல். கடைசியாக வந்த வண்டிக்குக்கூடப் பத்து வயது தாண்டிவிட்டது. ஒர்க்‌ஷாப்புக்கு வரும் இந்த வண்டிகளில் பெரும்பாலும் இன்ஜின் திடமாகவே இருக்கிறது. அந்த இன்ஜினுக்குக் கீழே ஆயிலைத் தாங்கி நிற்கும் சம்ப், சிலர் சேம்பர் என்பார்கள், அதுதான் அரித்துப் போய்க் கிடக்கிறது.

கடற்கரை ஊரில் இது வேகமாக நடக்கும். உப்பளத்துக் காற்று ஒரு பக்கம். அதைவிட மோசம், வாட்டர் சர்வீஸ். போர்வெல்லில் வருவது உப்புத் தண்ணீர் என்றால், மாதம் தவறாமல் சர்வீஸ் விட்ட வண்டிதான் சீக்கிரம் அரிக்கும். அடியில் பிளாஸ்டிக் கார்டு மாட்டிய வண்டிகளில் அதன் மேல் மண் தங்கி, ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் வந்த வெள்ளத்தையும் சொல்ல வேண்டும். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அந்தத் தண்ணீரில் நின்ற வண்டிகளுக்கு சீட்டையும் ஒயரிங்கையும் சரி செய்தார்கள். அடியில் ஒட்டிய சேற்றை முழுக்கக் கழுவி எடுத்தவர்கள் எத்தனை பேர்?

சம்ப்புக்கு உள்பக்கம் எப்போதும் ஆயில் படிந்திருப்பதால் அங்கே துரு பிடிக்காது. துரு வெளியிலிருந்து உள்ளே போகிறது. அதனால்தான் கடைசி வரை ஒரு சொட்டுகூட ஒழுகாமல் இருந்துவிட்டு, ஒருநாள் திடீரென்று ஒழுக ஆரம்பிக்கிறது. முதலில் அரிப்பது பழைய ஆயிலை வடிக்கக் கழற்றும் ட்ரெயின் போல்ட்டைச் சுற்றியுள்ள இடம், அடிமூலைகள், பிறகு போல்ட் வரிசை ஓடும் விளிம்பின் மடிப்பு.

கொஞ்ச நாளுக்கு முன் ஒரு 800 வந்தது. "ஒரு சொட்டுதான் அண்ணாச்சி சொட்டுது, எம்-சீல் வச்சு அடைச்சு விடுங்க, சாயங்காலம் திருச்செந்தூர் போகணும்" என்றார் வண்டிக்காரர். வண்டியைப் பிட்டில் ஏற்றிப் பார்த்தால், ட்ரெயின் போல்ட்டுக்குப் பக்கத்தில் ஊசிமுனை அளவில் ஈரம். ஒட்டுவதற்கு முன் துருவை எடுத்தாக வேண்டுமே என்று கம்பி பிரஷ்ஷால் லேசாக இரண்டு இழுப்பு இழுத்தேன். அப்பளம் நொறுங்குவது மாதிரி துரு ஏடு ஏடாக உதிர்ந்தது. ஒரு ஈரப்புள்ளி இருந்த இடத்தில் நான்கைந்து புள்ளி தெரிந்தது. கட்டை விரலால் அழுத்தினால் தகடு உள்ளே போய்விட்டு வந்தது. வண்டிக்காரரைப் பிட்டுக்குள் இறக்கி அவர் விரலையே வைத்து அழுத்தச் சொன்னேன். "இதையா ஒட்டச் சொன்னேன்!" என்றார். திருச்செந்தூருக்குப் பஸ்ஸில் போனார்.

ஓட்டை ஓரிடத்தில் தெரிகிறது என்றால், அதைச் சுற்றியுள்ள தகடும் அதே வயதில், அதே உப்பில் தேய்ந்திருக்கிறது. ஓட்டையை அடைக்கலாம். ஆனால் அந்த ஒட்டு எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்?

அதற்காக, ஒட்டுவதே ஏமாற்று வேலை என்று நான் சொல்லவில்லை. சம்ப்பில் அழுத்தம் கிடையாது. பம்ப் தள்ளும் ஆயில் பேரிங்குகளைச் சுற்றிவிட்டுத் தானாக வழிந்து வந்து இங்கே தேங்குகிறது, அவ்வளவுதான். அதனால் நல்ல தகட்டில் கல் பட்டு விழுந்த சின்ன ஓட்டையை எம்-சீல் மாதிரி எபாக்ஸி பசையால் அடைத்தால் நிற்கும். புது சம்ப் வரும் வரை, உள்ளூருக்குள், காலையில் டிப்ஸ்டிக் (ஆயில் அளவு காட்டும் கம்பி) பார்த்துவிட்டு ஓட்டுவதற்கு அது போதும். ஒட்டு பெயர்வதற்குக் காரணம் பெரும்பாலும் ஆயில் பிசுக்கு. ஆயிலை முழுக்க வடித்து, சொட்டுவது அடங்கும் வரை விட்டு, பெயின்ட்டும் துருவும் போய் வெள்ளைத் தகடு தெரியும் வரை தேய்த்து, தின்னரால் துடைத்துக் காயவிட்ட பிறகுதான் எபாக்ஸி பிடிக்கும். ஓட்டையை மட்டும் மூடாமல் சுற்றிலும் அகலமாகப் பரப்ப வேண்டும். ரோட்டோரத்தில் ஆயில் வழிய வழிய அப்பிய எம்-சீல், இன்ஜின் சூடாகி அதிர ஆரம்பித்ததும் ஓரத்தில் கிளம்பிவிடும். இன்னொன்றும் உண்டு: துருவைச் சுரண்ட ஆரம்பித்தால் சின்ன ஓட்டை பெரிதாகலாம். மாற்று சம்ப் கையில் இல்லாத ஞாயிற்றுக்கிழமை மாலையில் அந்த வேலையைத் தொடாதீர்கள்.

வெல்டிங் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். சம்ப் வண்டியில் இருக்கும்போது வெல்டிங் வைக்கவே கூடாது. உள்ளே ஆயில் ஆவி நிற்கும், தீப்பிடிக்கும். கழற்றி, நன்றாகக் கழுவி, பித்தளை வைத்து பிரேசிங் செய்து தரும் ஆட்கள் இருக்கிறார்கள். தகடு திடமாக இருந்தால் அது நல்ல வேலைதான். துருவேறி மெலிந்த தகட்டில் நெருப்பை வைத்தால், ஒரு ஓட்டை அடையும், பக்கத்தில் இன்னொன்று விழும். சூட்டில் விளிம்பும் கோணிக்கொள்ளும். கழற்றும் கூலியை எப்படியும் கொடுக்கிறீர்கள். அந்த நேரத்தில் புதுசையே மாட்டிவிடுவதுதான் என் கணக்கு.

மாற்றச் சொல்வதற்கு முன், ஒழுகுவது சம்ப்தானா என்று உறுதி செய்ய வேண்டும். ஆயில் மேலே எங்கே கசிந்தாலும் கீழே வந்து சம்ப்பில்தான் சொட்டும். டேப்பட் கவர் பேக்கிங், ஆயில் பிரஷர் சுவிட்ச், ஃபில்டர், கிராங்க்கின் பின்பக்க ஆயில் சீல், எதுவாகவும் இருக்கலாம். இன்ஜினை மேலிருந்து கீழ்வரை டீசலால் கழுவித் துடைத்து, காய்ந்ததும் முகப்பவுடரைத் தூவி, கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு வந்து பார்த்தால் ஈரம் எங்கிருந்து இறங்குகிறது என்று கோடு போட்ட மாதிரி தெரியும். சர்வீஸ் முடித்து அடியில் பழைய ஆயிலை ஸ்ப்ரே அடிக்கும் பழக்கம் எனக்குப் பிடிக்காததற்கு இதுவும் ஒரு காரணம். எல்லாமே ஆயிலாக இருந்தால் கசிவை எங்கே தேடுவது? ரப்பர் புஷ்களும் ஊறி உப்பிவிடும்.

மாற்றும் வேலை பெரிய வித்தை இல்லை. ஆனால் வண்டியை ஜாக்கியில் மட்டும் தூக்கி வைத்துவிட்டோ, ஹாலோ பிளாக் அடுக்கியோ அடியில் போகாதீர்கள். ஹாலோ பிளாக் விரிசல் விட்டுச் சொல்லிவிட்டு உடையாது. ஸ்டாண்ட் இல்லையென்றால் ஒர்க்‌ஷாப்பில் விடுங்கள். பல வண்டிகளில் சைலன்ஸர் பைப்பையும் கிளட்ச் ஹவுசிங்கின் கீழ்த்தகட்டையும் கழற்றினால்தான் சம்ப் இறங்கும். துருவேறிய போல்ட்டுகளுக்கு முந்தின நாளே ரஸ்ட் ரிமூவர் அடித்து வைப்பது நல்லது. ஒட்டிக்கொண்ட சம்ப்பை ஸ்க்ரூ டிரைவர் விட்டு நெம்பினால் இன்ஜின் பிளாக்கின் முகத்தில் பள்ளம் விழும். அந்தப் பள்ளம் வழியாகப் புது சம்ப்பும் ஒழுகும்.

நான் அதிகம் வற்புறுத்துவது, சம்ப்பின் விளிம்பை இன்ஜினோடு ஒட்டும் பசையான சீலன்ட் விஷயம். "கொஞ்சம் தாராளமாகவே போடுங்க" என்று பக்கத்தில் நின்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். விளிம்பில் மூன்று மில்லிமீட்டர் அளவுக்கு ஒரே கோடாக, போல்ட் ஓட்டைகளுக்கு உள்பக்கமாகப் போனால் போதும். அதிகமாகப் போட்டது இறுக்கும்போது பிதுங்கும். வெளியே பிதுங்கியது கண்ணுக்குத் தெரியும், துடைத்துவிடலாம். உள்ளே பிதுங்கியது காய்ந்து, துண்டு துண்டாக ஆயிலில் விழுந்து, பம்ப் உறிஞ்சும் ஸ்ட்ரெய்னரில் போய் ஒட்டிக்கொள்ளும். சம்ப் நிறைய ஆயில் இருந்தும் பேரிங்குக்கு ஆயில் போகாது. சம்ப் இறங்கியிருக்கும்போதே ஸ்ட்ரெய்னரைப் பாருங்கள். பழைய வண்டிகளில் அதன் வலை மேல் கறுப்புப் பசையாகப் படிந்திருப்பதைக் கழுவ இதைவிட நல்ல சமயம் கிடைக்காது. போல்ட்டுகளை நடுவிலிருந்து இரு பக்கமாக, மாற்றி மாற்றி இறுக்க வேண்டும். ஆறு மில்லிமீட்டர் போல்ட்டுக்குச் சுமார் 10 நியூட்டன் மீட்டர் போதும், நீளமான ஸ்பானர் வேண்டாம். ட்ரெயின் போல்ட்டுக்குப் புது வாஷர் போடுங்கள். சீலன்ட் ட்யூபில் எத்தனை மணி நேரம் என்று போட்டிருக்கிறதோ அத்தனை மணி நேரம் காயவிட்டுத்தான் ஆயில் ஊற்ற வேண்டும். அவசரப்படுத்தும் கஸ்டமரிடம் இதில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

டாஷ்போர்டில் இருக்கும் சிவப்பு ஆயில் லைட்டை நம்பி ஓட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த வண்டிகளில் அது ஆயில் எவ்வளவு இருக்கிறது என்று காட்டுவதில்லை. அழுத்தம் விழுந்தால்தான் எரியும். மாருதி 800 இன்ஜினில் இருப்பதே சுமார் மூன்று லிட்டர். லைட் எரியும் நேரத்தில் அதில் பெரும்பகுதி ரோட்டில் போயிருக்கும். எரிந்த நொடியில் ஓரம் கட்டி இன்ஜினை நிறுத்த வேண்டும். "அடுத்த ஊர் வரை போய்விடலாம்" என்று போனால் பேரிங் உருகி, கிராங்க் பிடித்துக்கொள்ளும். அப்புறம் சம்ப் விலையைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள், இன்ஜின் வேலைக்கான பில்தான் பேசும். ரோட்டில் போன அந்த ஆயில் பின்னால் வரும் பைக்காரரைச் சறுக்கிவிடும் என்பதையும் நினைத்துப் பாருங்கள். அதே ஆயில் சூடான சைலன்ஸர் பைப்பில் சொட்டினால் புகை வரும், சில சமயம் தீயும் வரும்.

அலுமினிய சம்ப் வைத்த புது வண்டிகளில் இந்தத் துருப் பிரச்சினை இல்லை. அங்கே ஸ்பீட் பிரேக்கரில் அடிபட்டு விரிசல் விடுவதுதான் தொல்லை.

புது தகர சம்ப் வாங்கியதும் அப்படியே மாட்டிவிடாமல், வெளிப்பக்கம் ஒரு கோட் ரெட் ஆக்சைடு, மேலே ஒரு கோட் கறுப்பு பெயின்ட் அடிக்கச் சொல்லுங்கள். சீலன்ட் உட்காரும் விளிம்பிலும் ட்ரெயின் போல்ட் மரையிலும் பெயின்ட் படக்கூடாது. மாட்டிய முதல் வாரம் காலையில் டிப்ஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள், வண்டி நின்ற இடத்தில் தரையையும் பாருங்கள். அடுத்த முறை வாட்டர் சர்வீஸ் விடும்போது எந்தத் தண்ணீர் என்று கேளுங்கள். போர் உப்பாக இருந்தால், வீட்டுக்கு வந்து நல்ல தண்ணீரை ஹோஸில் பிடித்து அடியில் ஒரு தடவை அடித்துவிடுங்கள்.