பார்வோ தாக்கிய குட்டிக்கு டிரிப்ஸ் ஏன்?

நாய்க்குட்டிகளைத் தாக்கும் பார்வோ வைரஸைக் கொல்லும் மாத்திரை கிடையாது. அப்படியிருக்க, நான்கைந்து நாள் டிரிப்ஸ் எதற்கு என்ற கேள்வி குட்டியைத் தூக்கி வருபவர்களுக்கு எழுவது இயல்பு. பதில் குடலுக்குள் இருக்கிறது.

வேகமாகப் பிரியும் செல்களில்தான் இந்த வைரஸ் பெருகும். குடலின் உட்சுவரில் விரல்போல நீண்டிருக்கும் குடலுறிஞ்சிகளின் அடியில் உள்ள குழிகளில் புதுச் செல்கள் ஓயாமல் பிறந்து மேலேறி, தேய்ந்துபோன மேல்செல்களின் இடத்தை நிரப்புகின்றன. வைரஸ் அந்தப் பிறப்பிடத்தையே அழித்துவிடுகிறது. மேல்செல்கள் உதிர்கின்றன, ஈடுகட்டப் புதியவை வருவதில்லை. குடித்த நீர் உடலில் ஏறாமல் வாந்தியாகவும், துர்நாற்றம் வீசும் ரத்தக் கழிச்சலாகவும் வெளியேறுகிறது. புண்ணான குடல்சுவர் வழியே பாக்டீரியா ரத்தத்துக்குள் நுழைகிறது. அதை எதிர்க்க வேண்டிய வெள்ளையணுக்களும் அதே நேரத்தில் சரிகின்றன, ஏனென்றால் அவை பிறக்கும் எலும்பு மஜ்ஜையும் வைரஸின் இலக்கு. பெரும்பாலான குட்டிகளின் உயிரைப் பறிப்பது இந்த நீரிழப்பும் ரத்தத்தில் பரவும் தொற்றும்தான்.

எஞ்சிய அடிச்செல்கள் மீண்டும் பெருகிக் குடலை மூடச் சில நாட்கள் பிடிக்கும். அதுவரை உயிரைத் தாங்கிப் பிடிப்பதே சிகிச்சை. 5 கிலோ குட்டிக்கு 8 சதவீத நீரிழப்பு என்றால் பற்றாக்குறை 400 மில்லி. அன்றாடத் தேவையையும், வாந்தி கழிச்சலில் தொடர்ந்து போவதையும் இதோடு கூட்ட வேண்டும். ஒரே ஒரு முறை பாட்டில் ஏற்றி வீட்டுக்கு அழைத்துப் போனால் ஏன் போதாது என்பது இந்தக் கணக்கிலேயே தெரியும். ரிங்கர் லாக்டேட் என்ற உப்புக்கரைசலுடன் பொட்டாசியமும், சர்க்கரை இறங்கினால் டெக்ஸ்ட்ரோஸும் சேர்ப்பார்கள். ஆன்டிபயாடிக் வைரஸுக்கல்ல, ரத்தத்தில் நுழையும் பாக்டீரியாவுக்கு.

வாந்தி நிற்கும்வரை பட்டினி போடுவது பழைய வழக்கம். வாந்தித் தடுப்பு ஊசி போட்டு, மூக்குக் குழாய் வழியே சிறிது சிறிதாக நீராகாரம் கொடுத்தால் குடல் விரைவில் தேறுகிறது. மனிதர்களுக்கான கழிச்சல் நிறுத்தும் மாத்திரையை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். பாக்டீரியாவும் அதன் நஞ்சும் உள்ளேயே தேங்கும். ஈறு வெளுத்தாலோ, உடல் சில்லிட்டாலோ, குட்டி தலைதூக்காமல் கிடந்தாலோ விடியும்வரை காத்திருக்க வேண்டாம். மலப் பரிசோதனைக் கருவி 'இல்லை' என்று காட்டினாலும், அறிகுறிகள் இருந்தால் மருத்துவர் சிகிச்சையைத் தொடர்வது சரியே; நோயின் தொடக்கத்தில் அது தவறவிடக்கூடும். வெள்ளையணு எண்ணிக்கை ஏறத் தொடங்குவது நம்பிக்கை தரும் அறிகுறி.

இந்த வைரஸுக்குக் கொழுப்புறை இல்லை. அதனால் சோப்புக்கு மசியாது. ஃபினாயிலையும் நம்ப முடியாது. மண்ணில் மாதக்கணக்கில் உயிர்ப்போடு இருக்கும். கழிச்சலை முழுக்கக் கழுவியபின், 1 பங்கு திரவ பிளீச்சுக்கு 30 பங்கு நீர் கலந்து தரையில் ஊற்றிப் பத்து நிமிடம் விட வேண்டும். கழிப்பறை ஆசிட்டோடு கலந்தால் நச்சுவாயு கிளம்பும்.

தடுப்பூசி போட்ட குட்டிக்கும் பார்வோ வருவதுண்டு. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்பொருள் தடுப்பூசியையும் செயலிழக்கச் செய்துவிடும். அது எந்த வாரத்தில் தீரும் என்பது குட்டிக்குக் குட்டி வேறுபடும். அதனால்தான் 6–8 வாரத்தில் தொடங்கி, 2–4 வாரத்துக்கு ஒருமுறை, 16 வாரம் ஆகும்வரை திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். அந்தக் கடைசி ஊசி முடிந்து இரண்டு வாரம் ஆகும்வரை குட்டியைத் தெருவில் இறக்கி விடாதீர்கள்.