கொக்கிப்புழுவும் ரத்தநாளங்களும்: வயிற்றோடு முடியாத ஒரு தொற்று

வயிற்றுப் பூச்சி என்றதும் பெரும்பாலோர் நினைவுக்கு வருவது வயிறு உப்பிய குழந்தையும், பள்ளிக்கூடத்தில் கொடுக்கும் சப்பிச் சாப்பிடும் மாத்திரையும்தான். பொது மருத்துவராக என்னிடம் இந்தத் தொற்றின் கடுமையான விளைவுகளோடு வருபவர்களோ பெரும்பாலும் பெரியவர்கள்: களை பறிக்கவும் நாற்று நடவும் செல்லும் பெண்கள், தோப்புகளில் வெறுங்காலோடு வேலை பார்க்கும் ஆண்கள். அவர்கள் வயிற்றைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்வதில்லை. "நாலு படி ஏறினா மேல்மூச்சு வாங்குது டாக்டர்", "நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது", "சாயங்காலம் ஆனா கால் வீங்கிப் போகுது" என்றுதான் சொல்கிறார்கள். நெஞ்சில் ஏதோ கோளாறு என்ற பயத்தோடு, எங்கோ எடுத்த இசிஜி தாளைப் பைக்குள் பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டு வருகிறார்கள். அந்தப் பயத்தை நான் ஒருபோதும் அலட்சியப்படுத்துவதில்லை. ஏனென்றால் குடலில் ஒட்டியிருக்கும் ஒரு சென்டிமீட்டர் நீளக் கொக்கிப்புழு, உடல் முழுவதும் ஓடும் ரத்தநாளங்களின் இயக்கத்தையே மாற்றி, இறுதியில் இதயத்தையும் தளரச் செய்ய முடியும்.

அப்படி வந்த ஒருவரைப் பரிசோதிக்கும்போது தெரிவதைச் சொல்கிறேன். கீழிமையை இழுத்துப் பார்த்தால் சிவப்பே இல்லை. நாக்கு வெளுத்து வழவழப்பாக இருக்கிறது. நகங்கள் நடுவில் குழிந்து கரண்டிபோல் வளைந்திருக்கின்றன. நாடி வேகமாகவும் துள்ளலாகவும் விரலில் முட்டுகிறது, கழுத்து நாளங்களின் துடிப்பைத் தள்ளி நின்றே பார்க்கலாம். கைகள் குளிர்ந்திருக்கவில்லை, வெதுவெதுப்பாக இருக்கின்றன. ரத்த அழுத்தத்தின் கீழ் அளவு வழக்கத்தைவிடத் தாழ்ந்திருக்கிறது. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் மிகவும் தாழ்ந்து ஐந்து கிராமைச் சுற்றி நிற்கிறது. கடும் ரத்தசோகை இது. விசாரித்தால் பச்சரிசியையோ மண்ணையோ தின்னும் பழக்கம் இருப்பதைத் தயங்கித் தயங்கிச் சொல்வார்கள். அதுவும் இரும்புச்சத்துக் குறைவோடு சேர்ந்து வருவதுதான். அதற்காக யாரும் அவர்களைக் கடிந்துகொள்ளக் கூடாது.

கொக்கிப்புழுவின் முட்டை மலத்தோடு மண்ணில் விழுந்து, ஈரமும் நிழலும் உள்ள இடத்தில் சில நாட்களில் தொற்றும் பருவத்துப் புழுவாக வளர்கிறது. அது தோலைத் துளைத்து நுழைவதை 1898இல் கெய்ரோவில் ஆர்தர் லூஸ் என்ற ஆய்வாளர் கண்டறிந்தார். நுழைந்த புழு சிரைகள் வழியாக இதயத்தின் வலப்பக்கத்துக்கும், அங்கிருந்து நுரையீரலின் நுண்நாளங்களான தந்துகிகளுக்கும் போய், காற்றறைகளுக்குள் வெளிப்பட்டு, தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுச் சிறுகுடலை அடைகிறது. ஆகவே இதன் பயணமே ரத்தநாளங்களின் வழியாகத்தான் தொடங்குகிறது.

சிறுகுடலில் அது சளிப்படலத்தைக் கவ்வி, நுண்ணிய ரத்தநாளங்களைக் கிழித்து ரத்தம் குடிக்கிறது. கிழிந்த நாளம் சாதாரணமாகச் சில நிமிடங்களில் தன்னை அடைத்துக்கொள்ளும்: நாளம் சுருங்கும், தட்டணுக்கள் ஒட்டும், உறைதல் காரணிகள் வலை பின்னும். புழு இந்த ஏற்பாட்டைத் திட்டமிட்டதுபோல் முறியடிக்கிறது. அது சுரக்கும் புரதங்களில் சில, உறைதலைத் தொடங்கிவைக்கும் ஏழாம் காரணியையும் அடுத்த கட்டத்திலுள்ள பத்தாம் காரணியையும் தடுக்கின்றன. வேறு சில தட்டணுக்களை ஒட்டவிடாமல் செய்கின்றன. போதாததற்கு, புழு ஒரே இடத்தில் இருக்காமல் இடம் மாறி மாறிக் கடிப்பதால், அது விட்டுப்போன பழைய காயங்களிலிருந்தும் ரத்தம் கசிந்துகொண்டே இருக்கிறது.

நெகேட்டர் என்ற வகைக் கொக்கிப்புழு ஒன்றால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.03 மில்லிலிட்டர் ரத்தம் போகிறது. ஆன்கைலோஸ்டோமா என்ற மற்றொரு வகை இதைப்போல் ஐந்து மடங்கு அல்லது அதற்கும் மேல் குடிக்கும். துளியிலும் துளி என்று தோன்றலாம். நூறு நெகேட்டர் புழுக்கள் இருந்தால் நாளுக்கு மூன்று மில்லிலிட்டர், மாதத்துக்குத் தொண்ணூறு. சராசரி மாதவிடாயில் ஒரு பெண் இழப்பது முப்பது நாற்பது மில்லிலிட்டர்தான். இழந்த இரும்பில் ஒரு பகுதி குடலில் மீண்டும் உறிஞ்சப்பட்டாலும், சோறும் குழம்புமாக உண்ணும் பெண்ணுக்கு அந்தக் கணக்கு ஈடாவதே இல்லை. இந்தப் புழுக்கள் ஆண்டுக்கணக்கில் உயிர்வாழ்பவை என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

ரத்தநாளங்களின் உட்புறத்தை ஒற்றையடுக்குச் செல்களால் ஆன படலம் ஒன்று போர்த்தியிருக்கிறது. அது வெறும் பூச்சு அன்று. நாளம் எவ்வளவு விரிய வேண்டும், எப்போது சுருங்க வேண்டும், எதை வெளியே கசியவிட வேண்டும் என்பதையெல்லாம் தீர்மானிப்பதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. விரிவடையச் சொல்வதற்கு அது பயன்படுத்தும் முக்கியமான வேதிப்பொருள் நைட்ரிக் ஆக்சைடு. இதன் பணியைக் கண்டறிந்ததற்காகத்தான் ஃபர்ச்காட், இக்னாரோ, முராத் ஆகிய மூவருக்கும் 1998இல் நோபல் பரிசு கிடைத்தது. ஹீமோகுளோபின் இந்த வாயுவை வேகமாகப் பற்றி அழிக்கும் இயல்புடையது. ரத்தசோகையில் ஹீமோகுளோபின் குறைந்துவிடுவதால் நைட்ரிக் ஆக்சைடின் விரிக்கும் விளைவு மிகுந்து நிற்கிறது என்பதே ஏற்கத்தக்க விளக்கமாக இருக்கிறது. திசுக்களில் ஆக்சிஜன் பற்றாக்குறையும் சிறு தமனிகளை விரிக்கிறது. ரத்தத்தின் அடர்த்தி குறைந்து அது நீர்த்தும் போகிறது. வெதுவெதுப்பான கையும் துள்ளும் நாடியும் தாழ்ந்த கீழ் அழுத்தமும் இதனால்தான்.

வயலின் மடைகள் எல்லாம் ஒரே நேரத்தில் திறந்துகிடந்தால் மோட்டார் ஓயாமல் ஓடினாலும் வாய்க்காலில் நீர்மட்டம் ஏறாது. இதயத்தின் நிலையும் அதுதான். அழுத்தம் தாழ்வதைச் சிறுநீரகம் ரத்தக் குறைவாகவே புரிந்துகொண்டு உப்பையும் நீரையும் தேக்கிவைக்கிறது. இதயநோய் மருத்துவர் இந்தர் ஆனந்தும் அவருடைய சகாக்களும் 1993இல் வெளியிட்ட ஆய்வில், கடும் ரத்தசோகையால் கால் வீங்கியவர்களுக்கு இதயம் வெளித்தள்ளும் ரத்தத்தின் அளவு கூடியும், நாளங்களின் எதிர்ப்பு குறைந்தும், உப்பையும் நீரையும் தேக்கும் ஹார்மோன்கள் உயர்ந்தும் இருந்ததைக் காட்டினார்கள். இதயத்தின் தசை நன்றாக இருக்கும்போதே செயலிழப்பின் அறிகுறிகள் தோன்றுவது இவ்வாறுதான். இதோடு புழு குடிக்கும் ரத்தத்தில் அல்புமினும் போய்விடுகிறது. நீரை நாளங்களுக்குள் பிடித்துவைக்கும் புரதம் அது. அது குறைந்தால் தந்துகிகளிலிருந்து நீர் கசிந்து முகமும் காலும் ஊதுகின்றன.

இந்த நிலையில் வருபவருக்கு, குடும்பத்தார் கேட்கிறார்கள் என்பதற்காக அவசரமாக ரத்தம் ஏற்றுவது ஆபத்தானது. அவருடைய நாளங்களில் நீர் ஏற்கெனவே மிகுந்திருக்கிறது. ஒரு பாட்டில் ரத்தத்தை வேகமாக விட்டால் நுரையீரலில் நீர் கோத்துவிடும். தேவைப்பட்டால் சிவப்பணுக்களை மட்டும் பிரித்து, மெதுவாக, நீர் பிரிக்கும் ஊசியின் துணையோடு ஏற்ற வேண்டும். "உடனே ரெண்டு பாட்டில் ஏத்துங்க" என்று வற்புறுத்தும் உறவினர்களுக்கு இதைப் பொறுமையாக விளக்குவதும் சிகிச்சையின் ஒரு பகுதியே.

ஸ்ட்ராங்கிலாய்டஸ் என்ற இன்னொரு குடல்புழு வேறு வழியில் நாளங்களைத் தாக்கும். அது உடலுக்குள்ளேயே பெருகக்கூடியது என்பதால் அறிகுறியே இல்லாமல் பல பத்தாண்டுகள் இருந்துவிடும். ஆஸ்துமாவுக்கோ மூட்டுவலிக்கோ ஸ்டீராய்டு மாத்திரை தொடங்கியதும் எதிர்ப்பாற்றல் தணிந்து, புழுக்கள் கட்டுமீறிப் பெருகிக் குடல்சுவரைத் துளைத்துச் செல்கின்றன. குடலின் பாக்டீரியாக்களும் அவற்றோடு ரத்தத்தில் நுழைவதால், நாளங்கள் ஒட்டுமொத்தமாக விரிந்து ரத்த அழுத்தம் சரிகிறது. உயிரிழப்பு மிக அதிகமுள்ள நிலை இது. ரத்தப் பரிசோதனையில் ஈசினோஃபில் என்ற வெள்ளையணுக்களின் எண்ணிக்கை காரணமின்றிக் கூடியிருந்தால், மண்ணோடு புழங்கியவர்களுக்கு ஸ்டீராய்டு எழுதும் முன் இந்தப் புழுவை நினைத்துப் பார்க்க வேண்டும். வழக்கமான பூச்சி மாத்திரையான அல்பெண்டசோல் ஒன்றை மட்டும் நம்பி இதை விட்டுவிட முடியாது. இதற்குரிய மருந்து ஐவர்மெக்டின். ஈசினோஃபில்கள் மிக அதிகமாக நீண்டகாலம் இருந்தாலும் அவற்றின் நச்சுப் புரதங்கள் நாளங்களின் உட்படலத்தையும் இதயத்தின் உட்சுவரையும் புண்படுத்தி, ரத்தக்கட்டிகள் உருவாக இடம் தரும்; குடல்புழுவால் அந்த அளவுக்குப் போவது அரிது.

புழு இருந்தால் சர்க்கரையும் கொழுப்பும் கட்டுப்படுமாமே என்று இணையத்தில் படித்துவிட்டுக் கேட்பவர்களும் இருக்கிறார்கள். இந்தப் பேச்சுக்கு ஓர் அடிப்படை உண்டு. இந்தோனேசியாவின் ஃபுளோரஸ் தீவில் நடந்து 2017இல் வெளியான ஆய்வில், புழுத் தொற்று இருந்தவர்களுக்கு மருந்து கொடுத்தபின் இன்சுலினுக்கு உடல் காட்டும் எதிர்ப்பு சற்றே உயர்ந்தது. புழு நம் எதிர்ப்பாற்றலைத் தணித்து வைப்பதால் இப்படி நேரலாம். அதற்காக, ரத்தத்தைக் குடிக்கும் ஒன்றை நாளங்களின் காவலாக எண்ணுவதை என்னால் ஏற்க முடியாது. புழு நீக்கியபின் உடல் எடையையும் சர்க்கரையையும் கவனிக்கச் சொல்வதே அந்த ஆய்விலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் செய்தி.

இந்தியாவில் 2015இல் தொடங்கிய தேசியக் குடற்புழு நீக்க நாள் ஒன்று முதல் பத்தொன்பது வயது வரை உள்ளவர்களுக்கானது. தமிழ்நாட்டில் இருபது முதல் முப்பது வயதுப் பெண்களுக்கும், கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் நீங்கலாக, மாத்திரை தரப்படுகிறது. ஆனால் உருளைப்புழு குழந்தைகளிடம் மிகுதி என்றால், கொக்கிப்புழு வயது ஏற ஏறக் கூடுவது. நாற்பது வயதில் களையெடுக்கும் அம்மாவுக்கு யாரும் மாத்திரை கொண்டுவந்து தருவதில்லை. 1916இல் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியபோது, அதன் கவனம் அங்கு உழைத்த தமிழ்த் தொழிலாளர்கள்மேல்தான் இருந்தது. உழைக்கும் பெரியவர்களின் நோய் இது என்பது நூறாண்டுகளுக்கு முன்பே தெரிந்திருந்தது.

எனவே மண்ணில் வேலை செய்பவருக்குச் சோர்வு, படபடப்பு, மூச்சு வாங்குதல், கால் வீக்கம் இருந்தால் ஹீமோகுளோபினையும் மலத்தையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். மல மாதிரியைக் கொடுத்த சில மணி நேரத்துக்குள் பார்க்க வேண்டும். வெயிலில் மாலைவரை கிடந்தால் முட்டைகள் சிதைந்து, இல்லை என்ற முடிவு வந்துவிடும். புழு இருக்கிறது என்றவுடன் மற்றக் காரணங்களை மறந்துவிடவும் கூடாது: மிகையான மாதவிடாய், மூலம், இரைப்பைப் புண், ஐம்பதைக் கடந்தவர்களுக்குப் பெருங்குடல் புற்றுநோய் ஆகியவற்றையும் தேட வேண்டும். கர்ப்பிணிகள் முதல் மூன்று மாதங்களில் அல்பெண்டசோல் எடுக்கக் கூடாது. அதன்பின் மருத்துவர் சொல்படி எடுத்துக்கொள்ளலாம்.

பூச்சி மாத்திரை மட்டும் போதாது, இரும்புச்சத்து மாத்திரை மட்டும் இருந்தாலும் போதாது. இரண்டும் சேர வேண்டும். இரும்பு மாத்திரையை டீ, காபியோடு விழுங்கினால் பெருமளவு வீணாகும். ஒரு மாதத்தில் ஹீமோகுளோபினை மீண்டும் பார்த்து, ஒரு கிராமாவது ஏறியிருக்கிறதா என்று அறிய வேண்டும். அளவு சரியான பிறகும் உடலின் இரும்புச் சேமிப்பு நிரம்ப இன்னும் மூன்று மாதம் மாத்திரை தொடர வேண்டும். வீங்கிய கால் வற்றியதும் மாத்திரையை நிறுத்திவிடுபவர்களே அதிகம். அவர்கள் அதே வயலுக்குச் செருப்பில்லாமல் திரும்புகிறார்கள், அங்கே திறந்தவெளியில் மலம் கழிப்பது நிற்காதவரை மறுதொற்று சில மாதங்களிலேயே வந்துவிடுகிறது.