‘மனிதத் தவறு’ என்று எழுதிக் கோப்பை மூடாதீர்கள்

இந்த மாதம் என் மறுஆய்வுக்கு வந்த மூன்றாவது ஆர்.சி.ஏ. (சேவை முடக்கத்தின் மூலகாரணத்தை ஆராயும்) அறிக்கையிலும் காரணம் என்ற கட்டத்தில் ‘மனிதத் தவறு’ என்றும், நடவடிக்கை என்ற கட்டத்தில் ‘பொறியாளர் எச்சரிக்கப்பட்டார்’ என்றும் எழுதப்பட்டிருந்தது. சேவை முடங்கிய எத்தனையோ இரவுகளில் ஆன்-காலில் (பழுது வந்தால் உடனே கவனிக்க வேண்டிய பணிமுறையில்) விழித்திருந்தவன் என்ற முறையில், இந்த இரண்டு வரிகளைப் படித்ததும் அடுத்த முடக்கம் எப்போது என்றுதான் எனக்குக் கேட்கத் தோன்றுகிறது.

கை தவறவே இல்லை என்று நான் வாதிடவில்லை. 2017 ஜனவரி 31 அன்று மென்பொருள் நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளத்தை நடத்தும் கிட்லேப் நிறுவனப் பொறியாளர் ஒருவர், துணை சர்வர் என்று எண்ணி முதன்மை சர்வரின் டேட்டாபேஸ் கோப்புறையை அழித்தார். ஓரிரு நொடிகளில் சுதாரித்து நிறுத்தியும், ஏறத்தாழ 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் எஞ்சியது. ‘யார் செய்தது?’ என்ற கேள்விக்கு இந்த இடத்திலேயே விடை கிடைத்துவிடுவதால், நம்மில் பலர் விசாரணையை இங்கேயே முடித்துக்கொள்கிறோம். அவர்கள் முடிக்கவில்லை. பேக்கப்பைத் தேடிப் போனபோது, அதை எடுக்க வேண்டிய நிரல் பொருந்தாத பதிப்பில் ஓடித் தோற்றுக்கொண்டே இருந்ததும், அந்தத் தோல்வியை அறிவிக்க வேண்டிய மின்னஞ்சல்கள் சேராமலே நிராகரிக்கப்பட்டதும் தெரியவந்தன. பேக்கப் ஏன் சோதிக்கப்படவில்லை என்ற கேள்விக்கு, அந்த வேலைக்கு உரிய பொறுப்பாளர் எவருமே இல்லை என்று நிறுவனமே பொதுவெளியில் எழுதியது.

பழி சுமத்தாத போஸ்ட்மார்ட்டம் (முடக்கத்துக்குப் பின் நடத்தும் ஆய்வு) என்றால் எல்லோரையும் மன்னித்துவிடுவது என்று மேலாளர்கள் நினைக்கிறார்கள்; எனக்கு மிகவும் எரிச்சலூட்டும் தவறான எண்ணம் இதுதான். தண்டனைக்கு அஞ்சுகிறவர் தாம் தட்டிய கட்டளையை மறைப்பார்; அது தெரியாதவரை, ஒரே கட்டளை அத்தனையையும் அழிக்க இடம் கொடுத்த அமைப்புக்கு யார் பொறுப்பு என்று கேட்கவே முடியாது. கிட்லேப்பில் ஆறு மணி நேரத் தரவுகள் போயின. மீதியைக் காப்பாற்றிய ஸ்னாப்ஷாட்டை (தரவுகளின் அந்நேரத்து நகலை) வேறொரு வேலைக்காக அன்று எடுத்து வைத்திருந்தவரும் அதே பொறியாளர்தான். (விசாரணைக்கு முன்பே அவரை வெளியேற்றியிருந்தால், இது யாருக்குத் தெரிந்திருக்கும்?)

ஆகவே, அறிக்கையில் கையெழுத்திடுவதற்கு முன், ஒவ்வொரு திருத்த நடவடிக்கைக்கு எதிரிலும் ஒரு பெயரும் ஒரு தேதியும் இருக்கின்றனவா என்று பாருங்கள். அந்தப் பெயர் இரவில் கட்டளையைத் தட்டியவருடையதாக மட்டும் இருந்தால் திருப்பி அனுப்புங்கள். பேக்கப் எடுத்தாயிற்று என்று என்னிடம் சொல்லாதீர்கள். மீட்டுப் பார்த்தாயிற்றா என்று சொல்லுங்கள். தயவுசெய்து, ‘இனி கவனமாக இருக்கவும்’ என்ற வரியை இன்றே உங்கள் படிவத்திலிருந்து நீக்கிவிடுங்கள்.