கரவன் கதவில் ஏசி பூட்டப் போகிறீர்களா?

"தம்பி, ஏசி ஓடுது, ஆனா உள்ளுக்கு அவியுது. ஒருக்கா வந்து பாக்க ஏலுமா?"

வெள்ளவத்தையிலிருந்து ஓர் அங்கிள் எடுத்த கோல். ஓய்வு பெற்றபின் மனைவியோடு பாசிக்குடா, நுவரெலியா என்று சுற்ற, காருக்குப் பின்னால் இழுத்துப் போகும் பழைய கரவன் ஒன்றை வாங்கியிருந்தார். யாரோ ஒரு பாஸ், ஏறி இறங்கும் கதவின் மேல்பாதியைக் கிரைண்டரால் வெட்டி, 9000 பீடியூ யன்னல் ஏசி ஒன்றைச் செருகிவிட்டுப் போயிருந்தார்.

போய்ப் பார்த்தேன். பெட்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் காலி வீதியில் ஆட்டோக்காரன் உரசிவிடுவான் என்று பயந்து, அதை உள்ளே தள்ளிப் பூட்டியிருந்தார்கள். யன்னல் ஏசியின் இரண்டு பக்கத்திலும் மீன் செதிள் மாதிரிக் கீறல்கள் இருக்கும். சூட்டை வெளியே விடும் பகுதியான கண்டென்சர் அதன் வழியாகத்தான் காற்றை இழுத்துப் பின்பக்கம் தள்ளும். அந்தக் கீறல்கள் முழுக்கக் கரவனுக்குள்ளே. அதாவது, அது அறைக் குளிரையே உறிஞ்சி வெளியே ஊதிக்கொண்டிருந்தது. போன காற்றுக்கு ஈடாகக் கதவு இடுக்கால் கொழும்பு வெக்கை உள்ளே வந்துகொண்டிருந்தது. அவியாமல் என்ன செய்யும்?

கதவும் தொங்கிப்போயிருந்தது. இந்த ரக ஏசி 30 கிலோவை ஒட்டி வரும். பழைய கரவன் கதவு என்பது இரண்டு மெல்லிய தகடு, நடுவில் ஃபோம், ஓரத்தில் மரச்சட்டம், அவ்வளவுதான். ஒவ்வொரு தரம் திறந்து மூடும்போதும் அந்தப் பாரம் பிணைச்சல் ஸ்குரூக்களை மரத்திலிருந்து பிடுங்கும். நான் கைவைத்ததும் மேல் பிணைச்சல் கையோடு வந்தது. மனிதர் இறங்கும் ஒரே வழி அது. இரவில் தீப்பிடித்து, கதவும் இறுகிவிட்டால்?

கதவை மாற்றி ஏசி பூட்டும் யோசனையே பிழை என்று சொல்லமாட்டேன். சுவரை வெட்டினால் வெட்டியதுதான். கதவென்றால் பழையதைக் கழற்றிப் பத்திரப்படுத்திவிட்டு, அதே அளவில் வேறொன்று செய்து போடலாம். விற்கும்போது திருப்பிப் பூட்டலாம். ஆனால் அது சாமான் அடுக்கும் பெட்டியின் கதவாக இருக்கவேண்டும், ஆள் போகிற கதவாக அல்ல.

அங்கிளின் கரவனில் கட்டிலுக்கு அடியில் அப்படியொரு பெட்டி இருந்தது. புதிதாக அலுமினியக் கதவு செய்து, ஏசியின் பாரம் கதவில் விழாமல் தரைச் சட்டத்தில் இரும்பு பிராக்கெட் அடித்து அதன் மேல் உட்காரவைத்தோம். பயணத்தில் உள்ளே தள்ளி, நிறுத்திய பிறகு கீறல்கள் வெளியே வரும்வரை இழுத்துப் பூட்டும்படி தண்டவாளமும் வைத்தோம். பின்பக்கம் ஒரு பென்சில் தடிப்பு தாழ்வாக இருக்கவேண்டும். நம் ஊர் ஈரப்பதத்தில் மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ ஒரு லீட்டர் தண்ணீர் வடியும். அது மெத்தைப் பக்கம் திரும்பக்கூடாது. குளிர் கீழேயே தங்கிவிடும் என்பது இந்த இடத்தின் குறை. சின்ன ஃபேன் ஒன்று போட்டால் சமாளிக்கலாம்.

இன்னொன்று. கேஸ் சிலிண்டர் வைக்கும் பெட்டியைத் தொடவே வேண்டாம். குளிர் போகிறது என்று தரையோட்டைகளை அடைக்கவும் வேண்டாம். சமையல் கேஸ் காற்றைவிடப் பாரம், கசிந்தால் கீழேதான் இறங்கும். அந்த ஓட்டைகள் அது வெளியேறத்தான்.

வயரிங்கில் பெரிய வித்தை இல்லை. எர்த் கட்டாயம், 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் கட்டாயம். கரவனின் உடம்பு முழுக்கத் தகடு. மழை நின்ற புல்லில் வெறுங்காலோடு அதைத் தொடுவது நீங்கள்தான்.

வேலை முடிந்து மூன்று கிழமைக்குப் பிறகு பாசிக்குடாவிலிருந்து அங்கிளின் கோல். கொம்பிரசர் எழும்பும்போதெல்லாம் ஜெனரேட்டர் முக்கி நின்றுவிடுகிறதாம். 2022 இல் கரண்ட் வெட்டுக் காலத்தில் வாங்கிய சின்ன மெஷின். இன்வேட்டர் இல்லாத ஏசி ஓடும்போது 4 அம்பியர் அளவில்தான் இழுக்கும், எழும்பும் அந்த நொடியில் அதைப்போலப் பல மடங்கு கேட்கும். அந்த இழுவையைக் குறைக்கும் சொஃப்ட் ஸ்டார்ட்டர் பூட்டிப் பார்க்கலாம் என்று சொல்ல வாயெடுத்தவன், வேறொன்றைக் கேட்டேன்.

"அங்கிள், ஜெனரேட்டர எங்க வச்சிருக்கிறீங்க?"

"கரவனுக்குக் கீழதான் தம்பி. மழ படாது, நிழலும் இருக்கு."

"முதல்ல அத நிப்பாட்டுங்க. அன்ரியக் கூட்டிக்கொண்டு வெளிய வாங்க. பிறகு கதைப்பம்."

ஜெனரேட்டர் புகையில் கார்பன் மொனொக்சைட் என்ற நச்சு வாயு இருக்கும். நிறம் இல்லை, மணம் இல்லை; தூங்குகிறவர் எழும்பவே மாட்டார். அதுவும் ஏசி பூட்டிய கதவுக்கு நேர் கீழே! குறைந்தது 20 அடி தள்ளி, காற்று கரவனை விட்டு விலகும் திசையில் வைக்கச் சொன்னேன். வயர் எட்டாது என்றார். 2.5 எம்எம் வயரில் புதிதாக ஒன்று வாங்கச் சொன்னேன். அன்றிரவு யன்னலைத் திறந்துவிட்டுத்தான் படுத்தார்களாம்.